போடியிலிருந்து தேரிக்காட்டுக்கு: 14 லட்சம் கேரவன் கனவும் அஞ்சு நாள் வாடகைப் பாடமும்

நம்ம சேனல்ல போட்ட தேரிக்காடு வீடியோவுல செம்மண் மேடும் கடலும் பார்த்திருப்பீங்க. அதுல காட்டாத ஒண்ணு இருக்கு. அந்த அஞ்சு நாள் டிரிப்புக்கு நாங்க கிளம்பினது ஊர் சுத்த மட்டும் இல்ல. என் நண்பன் ஒருத்தன் 10 லட்சம் ரூபாய் லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அவனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கத்தான். அந்தக் கணக்கை இங்க முழுசா எழுதுறேன்.

ஆசை எங்க ஆரம்பிச்சது?

நாங்க மூணு பேரும் போடிநாயக்கனூர் பக்கம், பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால செய்தில அடிபட்டுச்சே, அதே பொட்டிபுரம்தான். இப்போ ஒருத்தன் சென்னை, ஒருத்தன் பெங்களூரு, நான் கோயம்புத்தூர். மூணு பேருக்கும் மாசச் சம்பளம்.

சென்னைக்காரனுக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கேரவன் வீடியோ பார்க்குற பழக்கம். ஆஸ்திரேலியாவுல நல்லார்பர் சமவெளின்னு ஒண்ணு. ஒரு பக்கம் மரமே இல்லாத வறண்ட பூமி, இன்னொரு பக்கம் கடல். அங்க ஒரு இடத்துல 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாம நேர் ரோடு போகுது. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்து வளர்ந்த எங்களுக்கு அது சொர்க்கம் மாதிரிதான் தெரியும்.

பார்த்துப் பார்த்து ஒரு நாள் போன் பண்ணினான். "மாப்ள, பழைய வேன் ஒண்ணு 9 லட்சத்துக்கு வருது. உள்ள கட்டில், அடுப்பு, சோலார் எல்லாம் போட 5 லட்சம். 4 லட்சம் கையில இருக்கு, 10 லட்சம் லோன். என்ன சொல்ற?"

அந்த 4 லட்சம் என்னன்னு எனக்குத் தெரியும். அவங்க அம்மா போடியில ஏலக்காய் கடையில காய் பொறுக்குற வேலை பார்க்குறாங்க. அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா எடுக்கறதுக்காக நாலு வருஷமா சேர்த்துப் போட்ட எஃப்டி அது. அவன் எமர்ஜென்சி ஃபண்டே அதுதான்.

வேண்டாம்னு சொன்னா கேட்கமாட்டான். அதனால ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: "வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாரு. அப்புறமும் பிடிச்சிருந்தா நானே கூட வந்து வாங்கித் தரேன்."

பாலைவனம், கடல் ரெண்டும் நம்மகிட்டயே இருக்கு

ராஜஸ்தான் போகணும்னு அவசியமில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்துல, சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடி பக்கம் தேரிக்காடு இருக்கு. கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் செக்கச்செவேல்னு மணல் மேடு. மணல் துகள் மேல படிஞ்சிருக்குற இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வீசுற தென்மேற்குக் காத்து காலங்காலமாக் கொண்டுவந்து குவிச்ச மணல். அதே காத்துதான் முப்பந்தல்ல காற்றாலைகளையும் சுத்துது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காத்து பலமா இருக்கும், மணல் கண்ணைத் திறக்க விடாது. அதனால நாங்க பிப்ரவரி கடைசியில கிளம்பினோம். பதநீர் இறக்க ஆரம்பிக்கிற நேரம்.

ரூட் இதுதான்: மதுரையில வண்டி எடுத்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில சாயல்குடி வழியா தூத்துக்குடி, திருச்செந்தூர். மணப்பாடு, உடன்குடி, தேரிக்காடு பார்த்துட்டு உவரி வழியா கன்னியாகுமரி. திரும்ப மதுரை. சுத்தல் எல்லாம் சேர்த்து 1,040 கிலோமீட்டர்.

நாலு ராத்திரி என்ன ஆச்சு?

முதல் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல்ல பாம்பன் பாசஞ்சர் ரயிலோட சேர்ந்து அழிஞ்ச ஊர். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தாங்க, இப்போ முனை வரைக்கும் வண்டியிலயே போகலாம். ரெண்டு பக்கமும் கடல். "இங்கயே வண்டியப் போட்டுப் படுத்தா எப்படி இருக்கும்!"னு நம்மாளு கனவு கண்டுட்டு இருக்கும்போதே போலீஸ்காரர் வந்து, "தம்பி, பொழுது சாயுது, கிளம்புங்க"ன்னுட்டார். அங்க ராத்திரி தங்க விடமாட்டாங்க. ராமேஸ்வரத்துக்குத் திரும்பி வந்து, டூரிஸ்ட் பஸ்ஸுங்க நிக்கிற பார்க்கிங்ல ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல படுத்தோம். கடல் சத்தம் கேட்கல, இன்ஜின் சத்தம்தான் கேட்டுச்சு.

ரெண்டாம் நாள் திருச்செந்தூர். அங்கயும் பார்க்கிங்தான். கட்டணக் குளியலறை, கழிப்பறை இருந்ததால பிழைச்சோம்.

மூணாம் நாள்தான் தேரி. காலையில மணப்பாடு. 1542-ல சவேரியார் வந்த கடற்கரை. மணல் குன்று மேல இருக்குற கோயிலும் அவர் தங்கின குகையும் பார்த்தோம். உடன்குடியில கருப்பட்டி வாங்கினோம். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின கருப்பட்டி அது. சாயங்காலம் தேரி ஓரத்துல, மண் பாதையில நம்மாளு வண்டிய விட்டான். பனை ஏறிட்டு இருந்த ஒரு அண்ணாச்சி மேல இருந்தே கத்தினார்: "தம்பி, இதுக்கு மேல ஏத்தாதீய, பொதமணலு!" கேட்கறதுக்குள்ள பின்சக்கரம் ரெண்டும் பாதி இறங்கிருச்சு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்குது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொன்னது ஆத்துக்கு மட்டும் இல்லைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அண்ணாச்சியே போன் போட்டு டிராக்டர் வரவழைச்சார். 1,500 ரூபாய். இழுக்கும்போது முன்பக்க பம்பர் கீழ உடைஞ்சுது. அவர் தோட்டத்துலயே வண்டிய நிறுத்திப் படுக்கச் சொன்னார், காசு வாங்க மறுத்துட்டார். ராத்திரி வானம் பூரா நட்சத்திரம். அதுல பொய் இல்லை, வீடியோவுல பார்த்ததைவிட நேர்ல அழகு. ஆனா பகல் பூரா வெயில்ல நின்ன தகரப் பெட்டி ராத்திரி ஒரு மணி வரைக்கும் சூடு விடல. மூணு பேரும் வெளியே பாய் விரிச்சுப் படுத்தோம். நாளுக்கு 7,500 ரூபாய் வாடகை கொடுத்த கட்டில் உள்ள காலியாக் கிடந்துச்சு.

நாலாம் நாள் கன்னியாகுமரி. யாரும் பேசல. நேரா ஒரு லாட்ஜுக்குப் போய் 2,400 ரூபாய்க்கு மூணு பேர் ரூம் போட்டு, குளிச்சு, ஃபேனுக்குக் கீழ தூங்கினோம்.

எங்க செலவு (மூணு பேர், 5 நாள், 4 ராத்திரி)

வேன் வாடகை, ஜிஎஸ்டி சேர்த்து, 5 × 7,500: ₹37,500
டீசல் (லிட்டருக்கு 10 கி.மீ., 104 லிட்டர்): ₹9,700
டோல், பார்க்கிங்: ₹1,900
சாப்பாடு: ₹9,000
கன்னியாகுமரி ரூம்: ₹2,400
டிராக்டர்: ₹1,500
பம்பருக்காக டெபாசிட்ல பிடிச்சது: ₹6,000
குளியல், கழிப்பறை, தண்ணி கேன், இதர: ₹1,500
மொத்தம்: ₹69,500. ஆளுக்கு சுமார் ₹23,170.

இதே ரூட்டை, எங்கள்ல ஒருத்தன்கிட்ட ஏற்கெனவே இருக்குற சின்ன கார்ல போயிருந்தா?

பெட்ரோல் (லிட்டருக்கு 17 கி.மீ.): ₹6,200
டோல், பார்க்கிங்: ₹1,900
சாப்பாடு: ₹9,000
4 ராத்திரி ரூம் × 2,400: ₹9,600
இதர: ₹1,000
மொத்தம்: ₹27,700. ஆளுக்கு சுமார் ₹9,230.

கார் தேய்மானத்தை இதுல சேர்க்கல. டிராக்டரும் பம்பரும் நம்ம தப்பு, அதைக் கழிச்சிடலாம். அப்பவும் 62,000-க்கும் 27,700-க்கும் உள்ள வித்தியாசம் பெருசு. "கேரவன்ல போனா ரூம் செலவு மிச்சம்"னு நிறைய பேர் சொல்றாங்க. நாங்க மூணு ராத்திரியில மிச்சம் பிடிச்ச ரூம் வாடகை 7,200. அதுக்காகக் கொடுத்த வேன் வாடகை 37,500.

சரி, சொந்தமா வாங்கினா?

வாடகைதான் இவ்வளவுன்னா சொந்த வண்டி லாபம்தானேன்னு தோணும். அவனும் அதைத்தான் கேட்டான். கன்னியாகுமரி ரூம்ல உட்கார்ந்து பேப்பர்ல போட்டோம்.

10 லட்சம், 12% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ 22,244 ரூபாய். அஞ்சு வருஷத்துல கட்டுறது சுமார் 13.35 லட்சம், அதாவது வட்டி மட்டும் 3.35 லட்சம். அவன் கைக்கு வர்ற சம்பளம் 48,000. அதுல 46% இஎம்ஐக்கே போயிரும்.

ஒரு வருஷச் செலவு:
இஎம்ஐ: ₹2,66,900
இன்சூரன்ஸ், டேக்ஸ், சர்வீஸ், டயர்: ₹60,000 (அவன் போட்ட மதிப்பீடு)
சென்னையில பார்க்கிங் வாடகை மாசம் 2,000: ₹24,000
மொத்தம்: ₹3,50,900. டீசல் தனி.

இப்போ முக்கியமான கேள்வி: வருஷத்துல எத்தனை ராத்திரி அந்த வண்டியில படுப்ப? லீவு, லாங் வீக்எண்ட் எல்லாம் கூட்டி, வீட்டு விசேஷம், தீபாவளி, பொங்கல் கழிச்சு அவனே சொன்ன எண்ணிக்கை 25. அப்போ ஒரு ராத்திரிக்கு 14,000 ரூபாய். அவன் கையிலிருந்து போடுற 4 லட்சத்தை இதுல சேர்க்கவே இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு வண்டிய 5 லட்சத்துக்கு வித்தாலும் அதுவும் இதுவும் ஏறக்குறைய சரியாப் போயிரும்.

3,50,900-ஐ நாள் வாடகை 7,500-ஆல வகுத்துப் பாருங்க: 47 வருது. வருஷத்துல 47 நாளுக்கு மேல அந்த வண்டியில இருக்குறவங்களுக்குத்தான் சொந்த கேரவன் வாடகையைவிட லாபம். ரிமோட் வேலை, வாரம் பூரா எங்க வேணா இருக்கலாம்னா அது வேற கணக்கு. ஆபீஸ் போய் பஞ்ச் பண்றவங்களுக்கு இந்தக் கணக்கு நிக்காது.

இது கேரவனுக்கு மட்டும் இல்ல. ரெண்டாவது பைக், டிரோன், பெரிய கேமரா, கிளப் மெம்பர்ஷிப் எல்லாத்துக்கும் இதே கேள்விதான். விலையைப் பார்க்காதீங்க, ஒரு தடவை பயன்படுத்த எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க.

போடிக்காரங்களுக்குத் தெரிஞ்ச பாடம்

2019 ஆகஸ்ட்ல ஏலத்துல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. ஊரே கொண்டாட்டம். ரெண்டே வருஷத்துல ஆயிரத்துக்குக் கீழ வந்துருச்சு. அந்த 7,000 ரூபாய் விலையை நம்பித் தவணை போட்டு ஜீப் வாங்கினா, ஆயிரம் ரூபாய் விலையில தவணை கட்டணும். காய் விலை இறங்கினா இஎம்ஐயும் இறங்குமா? மாசச் சம்பளம் ஏலக்காய் மாதிரி ஏறி இறங்காது, உண்மைதான். ஆனா ஒரே மெயில்ல பூஜ்யம் ஆகலாம். அதுக்குத்தான் ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா வைக்கச் சொல்றது. அதை உடைச்சு வேன் வாங்கறது விரலுக்கு மீறின வீக்கம்.

எங்ககூட வந்த பெங்களூருக்காரன் இன்னொரு உதாரணம். லடாக் பைக் டிரிப்புக்கு 1 லட்சம் பர்சனல் லோன் எடுத்தான். 16%, 24 மாசம், இஎம்ஐ 4,896. மொத்தம் கட்டுறது 1,17,500. போயிட்டு வந்து பதினாலு மாசம் ஆச்சு, இன்னும் பத்து தவணை பாக்கி. "லடாக் போட்டோவைப் பார்த்தா இப்ப இஎம்ஐ தேதிதான் ஞாபகம் வருது"ன்னான். கிரெடிட் கார்டுல போட்டு மினிமம் மட்டும் கட்டுறது இதைவிட மோசம். பல கார்டுல மாசம் 3.5% வரைக்கும் வட்டி, வருஷத்துக்கு 42%. அதுக்கு மேல ஜிஎஸ்டி.

அப்போ டிரிப்பே போகக்கூடாதா?

போகணும்! ஆனா போறதுக்கு முன்னாடி சேருங்க, போயிட்டு வந்து கட்டாதீங்க.

கார் டிரிப்புக்கு ஆளுக்கு 9,230. மாசம் 800 ரூபாய் ஆர்டி போட்டா பன்னிரண்டு மாசத்துல அசலே 9,600. வாடகை கேரவன்தான் வேணும்னா மாசம் 2,000 போடுங்க, 24,000 வந்துரும். சம்பளம் வந்த மறுநாள் ஆட்டோ டெபிட்ல போற மாதிரி வைங்க. ஆர்டிக்கு "தேரி", "கோவா"ன்னு பேர் வச்சுக்கோங்க, பாதியில உடைக்க மனசு வராது.

நடுவுல ஒரு வழியும் இருக்கு: கார் + கூடாரம். மூணு பேர் படுக்கிற டென்ட், பாய் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள்ள எங்களால வாங்க முடிஞ்சுது. அடுத்த டிரிப்புக்கு அதுதான்.

எல்டிஏ மறந்துடாதீங்க. உங்க சம்பளத்துல லீவ் டிராவல் அலவன்ஸ் இருந்து, பழைய டேக்ஸ் ரெஜிம்ல இருந்தா, நாலு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு வரிவிலக்கு கிடைக்கும். 2022–2025 ஒரு பிளாக், 2026–2029 அடுத்தது. விட்டுப்போன ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கோட முதல் வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு. ரூம், சாப்பாட்டுக்குக் கிடையாது. நண்பர்களோட போனா உங்க பங்குக்கு மட்டும்தான். புது ரெஜிம்ல இந்த விலக்கே இல்லை. சொந்தக் கார், வாடகை வண்டிக்கு என்ன பில் ஏத்துப்பாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேட்டுருங்க.

வாடகைக்கு எடுக்கிறவங்க கவனிக்க

1. நாமளே ஓட்டுற வாடகை வண்டிக்குக் கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். தெரிஞ்சவர்னு சொல்லி வெள்ளை போர்டு வண்டியைக் காசுக்கு எடுத்தா, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

2. ஒப்பந்தத்தை முழுசாப் படிங்க. எங்க ஒப்பந்தத்துல "தார் ரோடு இல்லாத இடத்துல ஏற்படும் சேதம் வாடிக்கையாளர் பொறுப்பு"ன்னு தெளிவா இருந்துச்சு. நாங்கதான் படிக்காம கையெழுத்துப் போட்டோம். 6,000 போச்சு.

3. கிலோமீட்டர் வரம்பு, கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஃபாஸ்டேக் காசு யாருது, பிரேக்டவுன் ஆனா யார் வருவாங்க, எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. வண்டி எடுக்கும்போதும் விடும்போதும் சுத்திலும் வீடியோ எடுங்க.

4. வண்டிக்குள்ள கதவு, ஜன்னலைச் சாத்திட்டு அடுப்பு பத்தவைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாம ஆளைக் கொல்லும்.

5. ராத்திரி எங்க நிறுத்துறோம்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த வருஷமே வாகமண்ல கேரவன் பார்க் திறந்தாங்க. கரண்ட், தண்ணி, கழிவு எடுக்க வசதி எல்லாம் இருந்தாத்தான் கேரவன் வீடு மாதிரி இருக்கும். நாங்க போன கடலோரத்துல அப்படி ஒரு இடம் எங்க கண்ணுல படல.

6. காப்புக்காட்டுல அனுமதி இல்லாம கூடாரம் போடாதீங்க. தேரியிலயும் வனத்துறை நிலம் இருக்கு. இதை நான் சும்மா சொல்லல. 2018 மார்ச் 11-ல எங்க ஊர் மலையில, குரங்கணியில பத்தின காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. சென்னை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து வீக்எண்டுக்கு வந்தவங்க, நம்மள மாதிரி வேலைக்குப் போற பிள்ளைங்களும் அதுல இருந்தாங்க. இப்போ வனத்துறையே 2024 அக்டோபர்ல இருந்து 40 மலைப்பாதைகளுக்கு வழிகாட்டியோட ஆன்லைன்ல புக்கிங் நடத்துது. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீங்க.

கடைசியில என்ன ஆச்சு?

ஊருக்குத் திரும்பினதும் நேரா அவன் வீட்டுக்குத்தான் போனோம். கருப்பட்டியைக் கொடுத்துட்டு, வேன் வாங்குற யோசனையை அவனே அம்மாகிட்ட சொன்னான். எஃப்டி விஷயத்தையும் மறைக்கல. அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஏண்டா, கடலைப் பாக்க வண்டி வாங்கணுமாக்கும்? அதான் பஸ்ஸு போகுதுல்ல"ன்னாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க திருச்செந்தூர் போய் இருபது வருஷம் ஆச்சாம்.

அவன் வேனுக்குப் பேசினவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டான். எஃப்டி அப்படியே இருக்கு. மாசம் 2,000 ரூபாய்க்கு ஆர்டி ஆரம்பிச்சிருக்கான், பேரு "திருச்செந்தூர்". அடுத்த பிப்ரவரியில அம்மாவைக் கூட்டிட்டு, அதே சின்ன கார்ல, கடல் தெரியுற ரூம் போட்டுப் போறதா பிளான். கேரவன் ஆசை போயிருச்சான்னு கேட்டேன். "போகல மாப்ள. வருஷத்துக்கு 47 நாள் லீவு கொடுக்குற வேலை கிடைச்சா சொல்லு"ன்னான்.

நீங்களும் உங்க அடுத்த பெரிய ஆசைக்கு இந்த வகுத்தல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல ஆர்டியா, லிக்விட் ஃபண்டா, ஒரு வருஷ டிரிப் காசை எங்க வைக்கறதுன்னு பார்க்கலாம்.